கிராஃபிங் கல்குலேட்டரில் கேம் எழுதும் போட்டி: தோட்டப் பட்டணத்தில் நடத்த முழுமையான வழிகாட்டி

கிராஃபிங் கல்குலேட்டர் என்பது வரைபடம் காட்டும் திரையுள்ள, நிரல் எழுதி ஓட்டக்கூடிய கல்குலேட்டர். பிள்ளைகள் அதில் கேம் எழுதும் போட்டியை ஜொகூர் மாநிலத்து ரெங்கத்தில் இரண்டு முறை நடத்தியிருக்கிறோம். முதல் முறை சுவரொட்டி ஒட்டிவிட்டுத்தான் கல்குலேட்டர் தேடப் போனோம். 19 பிள்ளைகள் பெயர் கொடுத்தார்கள், கையில் இருந்தவை 4. இரண்டாம் முறை வரிசையைத் தலைகீழாக மாற்றினோம், அலைச்சல் பாதியாகக் குறைந்தது. அதற்குப் பிறகு குளுவாங்கிலிருந்தும் பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் சிலர் வந்து கேட்டு, தாங்களும் நடத்திப் பார்த்தார்கள். நாங்கள் தடுக்கிய அதே கல்லில்தான் அவர்களும் தடுக்கினார்கள். அதனால் எந்த வேலைக்குப் பின் எந்த வேலை என்பதையும், அது ஏன் அந்த இடத்தில் வருகிறது என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

மொத்தம் 8 வாரம் ஒதுக்குங்கள். முதல் 3 வாரம் வெளியே எதையும் அறிவிக்க வேண்டாம். அந்த 3 வாரத்தில் செய்ய வேண்டியவை கீழே முதல் 4 பகுதிகளில் இருக்கின்றன.

1. முதலில் கல்குலேட்டரை எண்ணுங்கள்

ஐந்தாம் படிவத்தில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வில் நிரல் எழுத முடியாத சயின்டிஃபிக் கல்குலேட்டருக்கு மட்டும்தான் அனுமதி. அதனால் நம் இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகளில் பெரும்பாலோர் கிராஃபிங் கல்குலேட்டரைத் தொட்டுக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். பட்டணத்துப் புத்தகக் கடையிலும் கிடைக்காது. இரவல் வாங்குவதுதான் வழி.

ஜொகூர்க்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. சிங்கப்பூரில் பல்கலைக்கழகத்துக்கு முந்திய ஏ-லெவல் தேர்வுக்கு எச்2 கணிதம் படிப்பவர்களுக்கு இந்தக் கருவி வேண்டும். அங்கே படித்து முடித்த அக்கா, அண்ணன், மாமா பிள்ளை என்று யாராவது ஒருவர் பல குடும்பங்களில் இருப்பார்கள், அவர்கள் அலமாரியில் டிஐ (டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ்) நிறுவனத்தின் டிஐ-84 பிளஸ் ஒன்று சும்மா கிடக்கும். ஐபி (இன்டர்நேஷனல் பாக்கலோரியேட்) படித்தவர்களிடமும் இருக்கும். இணையத்தில் பழைய பொருள் விற்பவர்களிடம் வாங்குவதாக இருந்தால், நேரில் போய்த் திரையையும் எல்லா விசைகளையும் தட்டிப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் கேட்கும்போது “கல்குலேட்டர் இருக்கிறதா?” என்று மட்டும் கேட்காதீர்கள். “இருக்கு” என்று சொல்லிப் பத்துப் பேர் கேசியோ எஃப்எக்ஸ்-570 என்ற சயின்டிஃபிக் கல்குலேட்டரைக் கொண்டுவருவார்கள். அது நல்ல கருவிதான், ஆனால் இந்தப் போட்டிக்கு ஆகாது. கருவியின் முன்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், மாடல் எண் அதிலேயே தெரியும்.

நம் ஊரில் கைக்கு வரக்கூடியவை பெரும்பாலும் இவைதான்:

டிஐ-83 பிளஸ், டிஐ-84 பிளஸ்: இரண்டுக்கும் 96-க்கு 64 புள்ளி கறுப்பு-வெள்ளைத் திரை, பயன்படுத்த 24 கேபி ரேம். செயலியின் வேகம் முன்னதில் 6 மெகாஹெர்ட்ஸ், பின்னதில் 15. எழுத்துத் திரையில் 8 வரி, வரிக்கு 16 கட்டம்.

டிஐ-84 பிளஸ் சிஇ: 320-க்கு 240 புள்ளி வண்ணத் திரை, 48 மெகாஹெர்ட்ஸ், 10 வரி, வரிக்கு 26 கட்டம்.

கேசியோ எஃப்எக்ஸ்-9750, 9860 வகைகள்: 128-க்கு 64 புள்ளி, எழுத்துக்கு 7 வரி, வரிக்கு 21 கட்டம். எஃப்எக்ஸ்-சிஜி50 வண்ணத் திரை கொண்டது, 384-க்கு 216 புள்ளி.

கிடைத்த கருவிகளில் இரண்டை நடுவருக்கென்று ஒதுக்கிவிட்டு மிச்சத்தை எண்ணுங்கள். இரண்டு பேர் ஒரு குழு, இரண்டு குழுவுக்கு ஒரு கருவி, ஒருநாள் விட்டு ஒருநாள். இதற்கு மேல் நெருக்கினால் பிள்ளைகள் ஆர்வம் இழந்து நின்றுவிடுகிறார்கள். 7 கருவி கிடைத்தால் 5 போட்டிக்கு, அப்படியானால் 10 குழு, 20 பிள்ளைகள். அதுதான் உங்கள் போட்டியின் அளவு. மண்டபம் எவ்வளவு பெரியது, பரிசுப் பணம் எவ்வளவு என்பதெல்லாம் இந்த எண்ணுக்குப் பிறகு.

கல்குலேட்டரைப் போலவே கணினியில் ஓடும் மென்பொருளான எமுலேட்டரை நம்பலாமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். பழகுவதற்கு வைத்துக்கொள்ளலாம். அதற்கு வேண்டிய ரோம் (ROM) கோப்பை, அதாவது கருவியின் இயக்க மென்பொருள் நகலை, உங்கள் சொந்தக் கருவியிலிருந்து எடுங்கள், இணையத்தில் கிடைப்பதை இறக்காதீர்கள். ஆனால் முடிவு கருவியில்தான். விசை அமைப்பும் வேகமும் கையில் பிடிக்கும்போது வேறாக இருக்கின்றன. நம் லயத்து வீடுகள் பலவற்றில் மடிக்கணினி இல்லை என்பதும் ஒரு காரணம்: எமுலேட்டர் இருப்பவன் இரவெல்லாம் எழுதுவான், இல்லாதவன் தன் முறைக்காகக் காத்திருப்பான்.

2. இரவல் கருவிக்கு ஒரு நோட்டு போடுங்கள்

கருவி வந்த அன்றே ஒரு நோட்டில் எழுதுங்கள்: யாருடையது, மாடல், மூடி இருக்கிறதா, கீறல் எங்கே, என்ன கேபிள் வந்தது. கருவியின் முதுகில் காகித நாடாவில் எண் ஒட்டுங்கள். இதைத் தள்ளிப்போட்டால் ஒரே மாதிரியான மூன்று டிஐ-84 மேசையில் கிடக்கும்போது எது யாருடையது என்று சண்டை வரும்.

அடுத்து, உள்ளே இருப்பதை மடிக்கணினியில் நகல் எடுத்து வையுங்கள். டிஐ-84 பிளஸுக்கும் சிஇ-க்கும் மினி யுஎஸ்பி கேபிளும் டிஐ கனெக்ட் சிஇ மென்பொருளும் போதும். டிஐ-83 பிளஸில் யுஎஸ்பி கிடையாது, 2.5 மில்லிமீட்டர் இணைப்புக் கேபிள் வேண்டும். கேசியோ 9750ஜி2, 9860ஜி2 வகைக்கு எஃப்ஏ-124 என்ற மென்பொருள். சிஜி50 கணினியில் பென் டிரைவ் மாதிரி தெரியும். மினி யுஎஸ்பி என்பது இப்போதைய கைப்பேசிக் கேபிள் இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். பட்டணம் முழுக்கத் தேடியும் கிடைக்காமல், கடைசியில் ஒரு வீட்டில் பழைய கேமராப் பையிலிருந்துதான் எங்களுக்கு ஒன்று கிடைத்தது.

பேட்டரி: சிஇ தவிர மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் 4 ஏஏஏ. டிஐ-84 பிளஸில் வட்டமான சிறிய பேட்டரி ஒன்றும் இருக்கும். பெரிய பேட்டரியை மாற்றும் நேரத்தில் நினைவகத்தைக் காப்பது அதுதான். இரண்டையும் ஒரே நேரத்தில் கழற்றினால் ரேமில் இருந்ததெல்லாம் போய்விடும். இது பிள்ளைகளுக்குத் தெரியாது. முதல் முறை ஒரு பையன் “பேட்டரி எல்லாம் துடைச்சு வச்சேன் அண்ணே” என்று சந்தோஷமாகச் சொன்னான், அவன் குழுவின் இரண்டு வார வேலை காலி. அன்றிலிருந்து எழுந்து போகும் முன் நிரலை ஆர்க்கைவில் (பேட்டரியைக் கழற்றினாலும் அழியாத சேமிப்பில்) போட வேண்டும் என்பதைக் கட்டாயமாக்கினோம். கறுப்பு-வெள்ளை டிஐ-யில் ஆர்க்கைவ் செய்த நிரல் அப்படியே ஓடாது, ஓட்டுவதற்கு முன் அன்ஆர்க்கைவ் செய்ய வேண்டும். இதையும் சொல்லிக்கொடுங்கள். இல்லாவிட்டால் நிரல் கெட்டுவிட்டது என்று பயந்துவிடுவார்கள்.

3. விதி எழுதும் முன் நீங்களே ஒரு கேம் எழுதுங்கள்

இதைத்தான் எல்லாரும் தாண்டிப் போகிறார்கள். நிரல் எழுதிப் பழக்கம் உள்ளவர்கள்கூட, “பேசிக் தானே, தெரியும்” என்று விட்டுவிடுகிறார்கள். பேசிக் என்பது கருவியிலேயே இருக்கும் எளிய நிரல் மொழி. ஒரு வாரம் எடுத்துச் சின்னதாக ஒன்று எழுதுங்கள். எண்ணைக் கண்டுபிடிக்கும் ஆட்டம் வேண்டாம். அதில் திரையும் வேகமும் வேலைக்கே வராது. ஒரு நட்சத்திரக் குறியை அம்பு விசையால் நகர்த்தி, திரையில் எங்கோ விழும் பழத்தைப் பொறுக்கும் ஆட்டம் போதும்.

எழுதும்போது கருவியின் எல்லைகள் தானாகவே கைக்குத் தெரியும். டிஐ-பேசிக்கில் நொடிக்கு நொடி ஓடும் துப்பாக்கிச் சண்டை எடுபடாது, யோசித்து ஆடும் ஆட்டம் நன்றாக வரும். நீங்கள் எழுதிய கேம் எத்தனை பைட் (நிரலின் அளவு) வந்தது, எத்தனை மணி நேரம் பிடித்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். விதியில் போடப்போகும் எண்களெல்லாம் அதிலிருந்துதான் வர வேண்டும்.

4. விதிகளை ஒரே பக்கத்தில் எழுதுங்கள்

கருவியில் உள்ள பேசிக் மொழி மட்டும். அசெம்பிளி, சி என்ற மற்ற நிரல் மொழிகள் இரண்டும் வேண்டாம். இவற்றில் ஒரு தவறு நேர்ந்தால் கருவி முடங்கி நினைவகமே அழியலாம், கருவியோ இரவல். அதோடு, 2020-இல் வந்த இயக்க மென்பொருளிலிருந்து சிஇ வகையில் டிஐ நிறுவனம் அசெம்பிளியை மூடிவிட்டது. ஒரு குழுவின் கருவியில் ஓடுவது இன்னொன்றில் ஓடாது. பேசிக் எல்லாருக்கும் சமம்.

திரை 7 வரி, 16 கட்டம். டிஐ-யில் 8 வரி இருக்கிறது, கேசியோவில் 21 கட்டம் இருக்கிறது. இரண்டுக்கும் பொதுவான சதுரம் 7-க்கு 16. அதற்குள் எழுதச் சொன்னால் எந்தக் கருவி கிடைத்தவனுக்கும் குறை இல்லை. கேசியோவில் எழுதியதை டிஐ-க்கு மாற்றுவதும் சுலபம். முதல் முறை இந்த விதி இல்லாமல், சிஇ கிடைத்த குழு வண்ணத்தில் ஜமாய்த்துவிட்டது. மற்றப் பிள்ளைகள் வெளிப்படையாக ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் முகம் வாடியது தெரிந்தது. புள்ளி போட்டு வரையும் படத் திரையை விரும்புவோருக்கு வேறொரு வருடம் தனிப் பிரிவு வையுங்கள்.

நிரல் 3,000 பைட்டுக்குள். கேபிள் கிடைக்காமல் கையால் தட்டிச் சேர்க்க நேர்ந்தாலும் இரண்டு மாலையில் முடிகிற அளவு இது. அளவைப் பார்க்கும் இடத்தையும் விதியிலேயே எழுதுங்கள்: டிஐ-யில் மெமரி மெனுவில் நிரல் பட்டியல், கேசியோவில் நிரல் பட்டியலிலேயே பக்கத்தில் இருக்கும். டிஐ-யில் ஒவ்வொரு கட்டளையும் ஒன்று அல்லது இரண்டு பைட்தான் பிடிக்கும், ஆனால் ஆங்கிலச் சிற்றெழுத்து ஒவ்வொன்றும் இரண்டு பைட். பெரிய எழுத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.

நிரலின் பெயரை நீங்கள் கொடுங்கள். ஜி01, ஜி02 என்று வரிசையாக. பெயர் 8 எழுத்துக்கு மேல் போகாது என்பதால் பிள்ளைகள் எல்லாரும் ஸ்நேக் என்றே வைப்பார்கள். நடுவர் கருவியில் ஏற்றும்போது ஒன்றின் மேல் இன்னொன்று ஏறி முதலாவது அழிந்துவிடும்.

வெளியேற ஒரு விசை இருக்க வேண்டும். ஆன் விசையை அழுத்தி நிரலை முறிப்பது வெளியேறுவது ஆகாது.

கருப்பொருள் ஒன்று வையுங்கள். “எதுவானாலும் சரி” என்றால் யாரும் தொடங்க மாட்டார்கள். நாங்கள் வைத்தது “வாசலில் விளையாடுவது”. பல்லாங்குழி, தாயம், ஆடுபுலி, பாண்டி, கோலி என்று வந்தன. பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பிள்ளைகள் சேர்ந்த குழு, பல்லாங்குழி மாதிரியான சொங்காக் எழுதியது. இவற்றுக்கெல்லாம் ஆட்ட விதி ஏற்கெனவே தெரியும், எனவே பிள்ளைகள் நிரலில் மட்டும் மூளையைச் செலவிடலாம். ஆடுபுலிக்குப் பலகை வரைவது இந்தத் திரையில் கஷ்டம், அதை எடுத்தவர்களை முன்பே எச்சரியுங்கள்.

5. நாளும் இடமும்

தேர்வுக் காலம், கோயில் திருவிழா, பள்ளி விளையாட்டுப் போட்டி மூன்றையும் முதலில் நாள்காட்டியில் குறித்துவிட்டு மிச்சத்தில் தேடுங்கள். தோட்டத்துக் கோயில் திருவிழா வாரத்தில் ஒரு பிள்ளையும் வராது, வரவும் கூடாது. அக்டோபர், நவம்பரில் சிங்கப்பூர் மாணவர்களுக்கு ஏ-லெவல் நெருங்கிவிடும், கருவியைக் கேட்காதீர்கள்.

ஜொகூரில் 2014 முதல் வார விடுமுறை வெள்ளி, சனியாக இருந்தது. 2025 ஜனவரியிலிருந்து மறுபடியும் சனி, ஞாயிறு. பழைய நோட்டீஸைப் பார்த்து எழுதியதில் பயிற்சி நாள் வெள்ளிக்கிழமை என்று அச்சாகி, திருப்பி அச்சடித்தோம்.

பள்ளி மண்டபமானால் தலைமையாசிரியரிடம், கோயில் மண்டபமானால் நிர்வாகக் குழுவிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். பிற்பகல் மழை வந்தால் தோட்டத்துப் பாதை எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். 4 மணிக்குள் முடியும்படி திட்டமிடுங்கள்.

6. அறிவிப்பும் பெயர்ப் பதிவும்

இப்போதுதான் சுவரொட்டி. அதில் “கருவி நாங்கள் தருகிறோம்” என்பது பெரிய எழுத்தில் இருக்கட்டும். அந்த வரி இல்லாவிட்டால், வாங்கித் தர முடியாது என்று வீட்டிலேயே நிறுத்திவிடுகிறார்கள். எத்தனை குழுவுக்கு இடம் என்பதையும் போடுங்கள்.

பெயர்ப் பதிவுத் தாளில் பெற்றோர் கையெழுத்து வாங்குங்கள். கருவி வீட்டுக்குப் போகும், தொலைந்தால் என்ன செய்வது என்பதைப் பெற்றோரிடமே பேசிவிட வேண்டும். நாங்கள் கருவியை வாரநாளில் பள்ளி நூல்நிலையத்திலும் வாரக் கடைசியில் மட்டும் வீட்டிலும் வைத்தோம். ஒன்றும் தொலையவில்லை.

7. பயிற்சி நாள்: ஒரு நட்சத்திரத்தை நகர்த்துவது

ஒரே நாள், 4 மணி நேரம். முதல் அரை மணி நேரம் கருவியைக் கொடுக்காதீர்கள். 7-க்கு 16 கட்டம் போட்ட தாளைக் கொடுத்து, தங்கள் கேம் எப்படித் தெரிய வேண்டும் என்று வரையச் சொல்லுங்கள். கருவி கைக்கு வந்துவிட்டால் யாரும் பேச்சைக் கேட்பதில்லை.

பிறகு ஒரே ஒரு பாடம். நட்சத்திரத்தைக் காட்டு, விசைக்குக் காத்திரு, பழைய இடத்தை அழி, புது இடத்தைக் கணக்கிடு, ஓரத்தைத் தாண்டியதா பார், மறுபடி காட்டு. எந்தக் கேம் எழுதினாலும் இந்தச் சுற்றுத்தான் அடித்தளம். இதைக் கரும்பலகையில் எழுதி நாள் முழுக்க அழிக்காமல் வையுங்கள்.

இங்கே புதியவர்கள் விழும் குழிகள் எனக்கு மனப்பாடம்.

இடத்தைக் கொடுக்கும் வரிசை. டிஐ-யின் ‘அவுட்புட்’ கட்டளையில் முதலில் மேலிருந்து எத்தனையாவது வரி, அடுத்து இடமிருந்து எத்தனையாவது கட்டம். கேசியோவின் ‘லொகேட்’ கட்டளையில் இது நேர்மாறு, கட்டம் முதலில், வரி அடுத்து. இரண்டு கருவிக்காரர்களையும் ஒன்றாக உட்கார வைத்துச் சொன்னால் குழம்பிவிடுகிறார்கள். தனித்தனி மேசை போடுங்கள்.

விசை எண்கள். ‘கெட்கீ’ என்ற கட்டளை எந்த விசை அழுத்தப்பட்டது என்று ஒரு எண்ணைத் தரும். டிஐ-யில் இடம் 24, மேல் 25, வலம் 26, கீழ் 34, எண்டர் 105. கேசியோவில் இடம் 38, மேல் 28, வலம் 27, கீழ் 37, எக்ஸிக்யூட் விசை 31. இந்த எண்களை நிரலின் தலையிலேயே நான்கைந்து மாறிகளில் (எண்ணை வைக்கும் ஏ, பி போன்ற பெயர்களில்) போட்டுவிட்டு, உள்ளே மாறிகளை மட்டும் பயன்படுத்தச் சொல்லுங்கள். கருவி மாறினால் தலையில் உள்ள வரிகளை மாற்றினால் போதும். எதையும் அழுத்தாவிட்டால் வருவது 0. 0 இல்லாத ஒன்று வரும் வரை சுற்றிக் காத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் நிரல் நிற்காமல் ஓடி முடிந்துவிடும்.

ஓரம். நட்சத்திரம் 0-ஆவது கட்டத்துக்குப் போனால் டிஐ ‘எர்: டொமைன்’ என்று நின்றுவிடும். நான்கு ஓரத்திலும் முட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலோர் வலது ஓரத்தை மட்டும்தான் பார்க்கிறார்கள்.

பழைய எண்ணின் மிச்சம். பல்லாங்குழி எழுதிய நான்காம் படிவ மாணவி ஒருத்தி, “அண்ணா, குழி காலியாதான் இருக்கணும், ஆனா இன்னும் ரெண்டு முத்து காட்டுது” என்று கொண்டுவந்தாள். அரைமணி நேரம் கணக்கையே நோண்டிக்கொண்டிருந்தோம். கணக்கு சரி. குழியில் 12 முத்து இருந்தது, அள்ளியதும் 0 ஆனது. திரையில் 12-இன் மேல் 0 விழுந்தபோது 1 மட்டும்தான் மறைந்தது, 2 அப்படியே நின்றது. 02. எண்ணை எழுதுவதற்கு முன் அந்த இடத்தில் இரண்டு வெற்றிடத்தை எழுதிவிட வேண்டும், அவ்வளவுதான்.

அதே மாணவிக்கு இன்னொரு சிக்கலும் வந்தது. ஒரு பக்கத்துக்கு 7 குழி, குழிக்கு இரண்டு இலக்கம், ஆக 14 கட்டம். 16-க்குள் அடங்கும், ஆனால் நடுவில் இடைவெளி வைக்க இடமில்லை. 5-ம் 12-ம் பக்கத்தில் வந்தால் எது எந்தக் குழி என்று புரியாது. அவள் ஒன்று விட்டு ஒன்றாகக் குழிகளை ஒரு வரி கீழே இறக்கி எழுதினாள், நெல் நடவு மாதிரி. ஒரு பக்கத்துக்கு 2 வரி, இரு பக்கத்துக்கு 4, நடுவில் யாருடைய முறை என்று காட்ட ஒன்று, கீழே எடுத்த முத்துக்கு ஒன்று. 7 வரிக்குள் முடிந்து ஒரு வரி மிச்சம். 14 குழியின் எண்ணிக்கையும் ஒரே பட்டியல் மாறியில் இருந்ததால் விதைத்துப் போவதற்கு ஒரு சின்னச் சுற்று போதுமாக இருந்தது. இப்போது எந்தப் பயிற்சியிலும் அவள் வரைந்த தாளைத்தான் எடுத்துக் காட்டுகிறேன்.

‘கோட்டு’ கட்டளை. இது நிரலை வேறோர் இடத்துக்குத் தாவ வைக்கும். டிஐ-யில் ஒரு சுற்றுக்குள்ளிருந்தோ ‘இஃப் தென்’ தொகுதிக்குள்ளிருந்தோ கோட்டு போட்டு வெளியே குதித்தால், அந்தச் சுற்று முடிந்ததாகக் கருவிக்குத் தெரியாது. அதற்காக ஒதுக்கிய நினைவகத்தைப் பிடித்துக்கொண்டே இருக்கும். ஐந்து நிமிடம் நன்றாக ஓடும் கேம், பிறகு மெதுவாகி, கடைசியில் ‘எர்: மெமரி’ என்று விழுவது இதனால்தான். சுற்றை விட்டு வெளியேற நிபந்தனையை மாற்றச் சொல்லிக் கொடுங்கள். இது ஒரே நாளில் மண்டையில் ஏறாது, இரண்டாம் வாரத்தில் மறுபடி சொல்லுங்கள்.

8. நடுவில் ஒரு சோதனை

எழுதுவதற்கு 3 வாரம் கொடுக்கிறோம். அதில் 10-ஆம் நாள் எல்லாரும் பாதிக் கேமோடு வர வேண்டும். மதிப்பெண் கிடையாது. ஒரு குழுவின் கேமை இன்னொரு குழு ஆடிப் பார்க்கும், எழுதியவர்கள் வாய் திறக்கக் கூடாது. “இங்க எண்டர் அழுத்தணும்” என்று சொல்லத் துடிக்கிறார்கள் பாருங்கள், அந்த இடத்தில்தான் திரையில் ஒரு வரி எழுத வேண்டியிருக்கிறது. எங்களுக்கு அதிகப் பலன் தந்த இரண்டு மணி நேரம் இதுதான். இந்த நாள் இல்லாமல் நடத்தியபோது ஒப்படைப்பு அன்று பாதிக் குழுக்கள் வெறும் தலைப்புத் திரையோடு வந்தன.

கேசியோ நிரலை டிஐ-க்கு மாற்ற ஆசைப்படும் குழு இருந்தால் இதற்கு முன்பே மாற்றிவிட வேண்டும். கடைசி வாரத்தில் மாற்ற அனுமதிக்காதீர்கள்.

9. ஒப்படைப்பு

கருவியையே கொண்டுவந்து ஒப்படைக்கச் சொல்லுங்கள். நிரலைத் தாளில் எழுதிக் கொடுத்து நடுவர் தட்டிச் சேர்ப்பது வேண்டாம். ஒரு அடைப்புக்குறி விட்டுப்போனால் அது யார் தவறு என்று தீர்க்க முடியாது. பிள்ளை கண்ணெதிரில் கேபிளில் இழுத்து மடிக்கணினியில் சேமித்து, நடுவர் கருவியில் ஏற்றி, ஒருமுறை ஓடுகிறது என்று இருவரும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். கேசியோ கருவிக்குக் கேசியோ நடுவர் கருவி, டிஐ-க்கு டிஐ. டிஐ-83 பிளஸில் எழுதியதை 84 பிளஸில் ஓட்டினால் ஆட்டம் இரண்டு மடங்குக்கு மேல் வேகமாகப் போகும், ஆகவே அதே மாடலில் ஆடுங்கள்.

அதோடு ஒரு அரைப்பக்கத் தாள்: கேமின் பெயர், எந்த விசைக்கு என்ன வேலை, எப்படி வெளியேறுவது, எத்தனை பைட், எதையாவது பார்த்து எழுதியிருந்தால் எங்கிருந்து. டிஐகால்க் (ticalc.org) போன்ற இணையக் கிடங்குகளில் ஆயிரக்கணக்கான கேம்கள் கிடக்கின்றன, பார்த்துப் படிப்பது நல்லதுதான். சொல்லிவிட வேண்டும், அவ்வளவே.

சொந்த வேலையா என்று தெரிந்துகொள்ள 5 நிமிடம் போதும். குழுவைக் கூப்பிட்டு, “முத்து 5-க்குப் பதில் 4 என்று மாற்றிக் காட்டுங்கள்” என்பது போல ஒரு சின்ன மாற்றத்தைக் கண்ணெதிரில் செய்யச் சொல்லுங்கள். எழுதியவர்கள் நேராக அந்த வரிக்குப் போவார்கள். செயற்கை நுண்ணறிவிடம் கேட்டு வாங்கியதாக இருந்தாலும், புரிந்துகொண்டு மாற்றத் தெரிந்தால் நான் ஏற்றுக்கொள்கிறேன். புரியாமல் கொண்டுவந்தால் ஏற்பதில்லை.

10. நடுவர்கள்

மூன்று பேர். ஒருவருக்கு நிரல் தெரிந்திருக்க வேண்டும், ஒருவர் கணித ஆசிரியராக இருந்தால் நல்லது, ஒருவர் கல்குலேட்டர் பக்கமே வராதவராக இருக்க வேண்டும். எங்களுக்கு அமைந்தவர் தமிழ்ப்பள்ளிச் சிற்றுண்டிச்சாலை நடத்தும் அக்கா. பல்லாங்குழி, தாயம் இரண்டிலும் விதி தப்பாக இருந்த இடத்தை அவர்தான் பிடித்தார்.

சின்ன ஊரில் நடுவருக்கும் போட்டியாளருக்கும் சொந்தம் இல்லாமல் இருப்பது அபூர்வம். தன் அண்ணன் பிள்ளை, தன் டியூஷன் மாணவன் கேமுக்கு அந்த நடுவர் மதிப்பெண் போடக் கூடாது, மற்ற இருவரின் சராசரியை எடுங்கள். இதை முன்பே விதித் தாளில் அச்சடித்துவிட்டால் பின்னால் மனக்கசப்பு வராது.

ஆடும் சுகம் 40, உதவியில்லாமல் புரிவது 20, கெடாமல் ஓடுவது 20, கற்பனை 20. ஒவ்வொரு நடுவரும் 10 நிமிடம் தனியாக ஆடுவார், அதில் முதல் 3 நிமிடம் விசைத் தாளைப் பார்க்காமல். கெடாமல் ஓடுகிறதா என்று பார்க்கத் தப்பான விசைகளை வேண்டுமென்றே அழுத்துங்கள், 10 முறை தொடர்ந்து தோற்றுப் பாருங்கள். கோட்டு குறை அப்போதுதான் வெளியே வரும். சமமாக வந்தால், ஒரே வகைக் கருவிகளுக்குள் குறைந்த பைட் வெல்லும். டிஐ பைட்டையும் கேசியோ பைட்டையும் ஒப்பிடாதீர்கள், இரண்டும் கட்டளைகளைச் சேமிக்கும் விதம் வேறு.

11. மக்கள் ஆடிப் பார்க்கும் நாள்

மதிப்பெண் வேலையை முந்தின நாளே முடித்துவிடுங்கள். போட்டி நாள் பெற்றோர், தம்பி தங்கைகள், பாட்டி தாத்தா எல்லாரும் வந்து ஆடிப் பார்ப்பதற்கு.

கறுப்பு-வெள்ளைக் கருவிகளில் பெரும்பாலானவற்றுக்குப் பின்னொளி இல்லை. மங்கலான மண்டபத்தில் ஒன்றும் தெரியாது, சன்னலை ஒட்டிப் போட்டால் பளபளப்பில் தெரியாது. குழல்விளக்குக்கு நேர் கீழே மேசைகளைப் போடுங்கள். திரை வெளிறியிருந்தால் டிஐ-யில் செகண்ட் விசையைத் தட்டிவிட்டு மேல் அம்பை அழுத்தினால் கறுக்கும். அப்படியும் வெளிறினால் பேட்டரி தீரப்போகிறது. மேசைக்கு ஒரு செட் புது பேட்டரி வையுங்கள்.

கூட்டத்துக்குக் காட்ட, ஒரு கைப்பேசியைப் புத்தக அடுக்கின் மேல் கவிழ்த்து வைத்து, அதன் கேமராவைப் புரொஜெக்டரில் காட்டினோம். பாட்டி ஒருவர் தாயம் உருட்டி வெட்டு வாங்கியபோது மண்டபமே சத்தம் போட்டது.

பரிசுக்கு ரொக்கம் வேண்டாம் என்பது என் கருத்து. பழைய டிஐ-84 ஒன்றை வாங்கி முதல் பரிசாகக் கொடுத்தோம். அந்தக் குழு அடுத்த முறை பயிற்சி நாளில் எங்களோடு நின்று சொல்லிக்கொடுத்தது. கலந்துகொண்ட எல்லாருக்கும் சான்றிதழ், மைலோ, கறிபாப். சான்றிதழில் அவர்கள் கேமின் பெயரையும் அச்சடியுங்கள்.

12. திருப்பிக் கொடுப்பது

ஒரு வாரத்துக்குள் எல்லாக் கருவியும் உரியவரிடம் போய்ச் சேர வேண்டும். முதலில் எல்லா நிரல்களையும் இரண்டு இடத்தில் சேமியுங்கள். பிறகு போட்டி நிரல்களை அழித்து, 2-ஆம் படியில் எடுத்த நகலை ஏற்றி, நோட்டில் உள்ளபடி மூடி, கேபிள் எல்லாம் சரிபார்த்து, காகித நாடாவை உரித்துத் துடையுங்கள். வருடக்கணக்கில் எடுக்கப்போவதில்லை என்று உரிமையாளர் சொன்னால் ஏஏஏ பேட்டரிகளைக் கழற்றிக் கையில் கொடுங்கள், உள்ளே கசிந்து தகடு துருப்பிடிக்கும். கொடுக்கும்போது, அந்தக் கருவியில் எந்தப் பிள்ளைகள் எந்தக் கேம் எழுதினார்கள் என்று ஒரு தாளில் எழுதி மூடிக்குள் வையுங்கள். இரண்டாம் முறை கேட்கப் போனபோது ஒருவர்கூட மறுக்கவில்லை. ஒருவர் அந்தத் தாளை இன்னும் மூடிக்குள்ளேயே வைத்திருந்தார்.